திருட்டுப் பட்டம் கட்டியவர் மீது வழக்குப் போட்டேன்

என்னைத் திருடி என்று சொன்னவர் அதை முதலில் காவல் நிலையத்தில் சொன்னார். பிறகு எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் ரேஷன் கடை வரிசையிலும் சொன்னார். காவல் நிலையத்தில் சொன்னதற்காக நான் வழக்குப் போடவில்லை, போட்டிருந்தால் தோற்றிருப்பேன். மற்ற இரண்டுக்காகவே நீதிமன்றம் போனேன். "பொய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள், மானநஷ்ட வழக்குப் போடலாமா?" என்று என்னிடம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வேறுபாடே தெரிவதில்லை. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைப்பதுதான் முக்கிய வருமானம். 2018 கார்த்திகையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் அளவெடுக்க வீட்டுக்கே வரச் சொன்னார்கள். கழுத்து அளவு எடுக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த அம்மாவே தன் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தார். முன்கழுத்து, பின்கழுத்து, தோள், கைச்சுற்று என்று நோட்டில் எழுதிக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பந்தல்காரர், பாத்திரக்காரர், வெளியூர் உறவுக்காரர்கள் என்று ஆள் போவதும் வருவதுமாக இருந்த வீடு அது. மறுநாள் சாயங்காலம் சங்கிலியைக் காணோம் என்றார்கள்.

அவர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். மனுவில் என் பெயர் இருந்தது. நிலையத்தில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டு என்னை விசாரித்தார்கள். என்னிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. என் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது. இதற்குள் ஊருக்கே செய்தி தெரிந்துவிட்டது. தெரிந்தது நிலையம் மூலமாக அல்ல. குழுவில் அவர் அனுப்பிய குரல் பதிவு இதுதான்: "அந்தத் தையல்காரி கைவரிசையைக் காட்டிவிட்டாள். என் சங்கிலியை அவள்தான் எடுத்தாள். யாரும் அவளை வீட்டுக்குள் விடாதீர்கள்."

நான் பார்த்த வக்கீல் வயதானவர், சிடுசிடுப்பானவர். அழுதுகொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "அவர் சொன்ன வார்த்தை என்ன? அப்படியே சொல்லுங்கள் அம்மா. உங்கள் வார்த்தையில் வேண்டாம்." அவதூறு வழக்கில் இதுதான் அடித்தளம் என்று பிறகுதான் புரிந்தது. 'என்னைக் கேவலமாகப் பேசினார்', 'திருட்டுப் பழி சுமத்தினார்' என்று பிராதில், அதாவது வழக்கு மனுவில், எழுதினால் நிற்காது. சொன்ன வார்த்தைகள், சொன்ன நாள், இடம், கேட்டவர்கள் ஆகிய நான்கும் பிராதில் இருக்க வேண்டும். நம் இருவருக்குள் மட்டும் சொன்னது, எத்தனை கொடுமையான சொல்லாக இருந்தாலும், அவதூறு வழக்குக்கு உதவாது. மூன்றாவது ஆள் ஒருவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். வாய்ச்சொல் என்றால் அந்த மூன்றாவது ஆள் நீதிமன்றத்துக்கும் வர வேண்டும், அங்கேதான் பல வழக்குகள் படுத்துவிடுகின்றன.

குரல் பதிவில் முதல் வாக்கியம் மட்டும் இருந்திருந்தால் 'கைவரிசை என்று வேலைத்திறமையைச் சொன்னேன்' என்று எதிர்த்தரப்பு வளைத்திருக்கும். இரண்டாவது வாக்கியத்தில் வளைக்க இடமில்லை. வக்கீல் அந்த வாக்கியத்தின் கீழ் கோடு போட்டார்.

அடுத்து நிலையத்து மனு பற்றிக் கேட்டேன். அதை விட்டுவிடுங்கள் என்றார். அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் அவதூறுக்குப் பத்து விதிவிலக்குகள் இருந்தன. எட்டாவது, அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கானது. சங்கிலி காணாமல் போனது உண்மை. அந்த அறைக்குள் நான் போனதும் உண்மை. சந்தேகப்பட்டு அவர் போலீசிடம் போனதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. எனக்கும் யோசித்துப் பார்த்தபோது அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டில் நகை காணாமல் போனால் நானும் நிலையத்துக்குத்தான் போவேன். பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தால் அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பொய் வழக்கில் மாட்டிவிடப்பட்டவர், அதில் விடுதலையான பிறகு நஷ்டஈடு கேட்கும் வழியும் உண்டு. ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை, நான்தான் எடுத்தேன் என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கையோடு நிலையத்துக்குப் போகலாம். குழுவில் இருந்த பதினைந்து பெண்களுக்குத் தீர்ப்பாக அறிவிக்கக் கூடாது.

கெடுவைப் பற்றி யாரும் எளிதில் சொல்லித் தருவதில்லை. நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கு என்றால், அவதூறு வெளியான நாளிலிருந்து ஒரே ஓர் ஆண்டு. போலீஸ் விசாரணை முடியட்டும், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் ஆண்டு ஓடிவிடும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. குற்றவியல் புகார் என்றால் மூன்று ஆண்டுகள் வரை நேரம் உண்டு. மூன்று ஆண்டு என்று யாரோ சொன்னதை நம்பி உரிமையியல் வழக்கைக் கோட்டைவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

எந்த வழியில் போவது என்பதில் வீட்டில் பெரிய சண்டை. என் தம்பி, "அவரை உள்ளே தள்ள வேண்டும் அக்கா" என்று குதித்தான். அவதூறு குற்றமும்தான், இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் தண்டனை உண்டு. அதைக் குற்றமாக வைத்திருப்பது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், சரிதான் என்று 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் தீர்ப்பும் வந்தது. ஆனால் காவல் நிலையத்தில் இதற்கு வழக்குப் பதிய மாட்டார்கள். பாதிக்கப்பட்டவர் தாமே நீதித்துறை நடுவர் முன் தனிப்புகார் கொடுத்து, பிரமாண வாக்குமூலமும் கொடுக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் பெரிதாக இல்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும், ஜெயித்தாலும் கைக்குப் பணம் வரும் என்ற உறுதி இல்லை. நடைமுறையில் யாரும் உள்ளே போவதும் அபூர்வம். எனக்குப் போன வருமானம் திரும்ப வேண்டும், சொன்னது தவறு என்று சொன்ன இடத்திலேயே அவர் சொல்ல வேண்டும். உரிமையியல் வழக்கையே தேர்ந்தெடுத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கையில் காசும் காலில் வலுவும் இருப்பவர்கள் நடத்தலாம்.

எவ்வளவு கேட்பது? ஊரில் எல்லோரும் ஒரு கோடி கேள் என்றார்கள். பேப்பரில் வரும் செய்திகளின் புண்ணியம். தமிழ்நாட்டில் நஷ்டஈட்டு வழக்குக்கு, கேட்கும் தொகையில் நூற்றுக்கு 3 ரூபாய் நீதிமன்றக் கட்டணம். 2017க்கு முன் ஏழரை ரூபாயாக இருந்தது. ஒரு கோடி கேட்டால் மூன்று லட்சத்தை முதலில் நான் கட்ட வேண்டும். என் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு மூன்று லட்சம் கேட்டோம். கட்டணம் 9,000 ரூபாய். அதோடு இனிமேல் அப்படிப் பேசக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்டோம்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பெயர், அளவு, துணி கொடுத்த நாள், வாங்கிப்போன நாள், கூலி எல்லாம் ஒரே வரியில் எழுதுவது என் பழக்கம். 2018 தை மாதத்துக்கு நான்கு பக்கம் நிரம்பியிருந்தது. கல்யாண மாதம், பொங்கல், தைப்பூசம் என்று துணி குவியும் காலம். குரல் பதிவுக்குப் பிறகு வந்த 2019 தையில் ஒரு பக்கம்கூட முடியவில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் சில பெயர்களுக்கு நேரே 'துணி திருப்பி வாங்கிக்கொண்டார்' என்று எழுதியிருந்தேன். தைக்காத துணியைத் திருப்பி வாங்கிப்போனவர்கள் எல்லோரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள் அல்லது அவர்களுடைய உறவுக்காரர்கள். ஒருவர் மீது குற்றம் செய்ததாகப் பழி சொன்னால், அதனால் ஏற்பட்ட பண நஷ்டத்தைத் தனியாக நிரூபிக்காமலே வாய்ச்சொல்லுக்கும் வழக்குப் போடலாம். ஆனால் எவ்வளவு தொகை என்று நீதிபதி முடிவெடுக்க ஏதாவது வேண்டாமா? அந்த நோட்டு வாதி தரப்புச் சான்றாவணமாக எண் வாங்கி நீதிமன்றக் கட்டுக்குள் போய்விட்டது. அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் மறுபடி அளவெடுத்தேன்.

அடுத்து செல்போன். அந்தப் பதிவைக் கேட்டதும் கோபத்தில் குழுவிலிருந்து வெளியேறுவதும் அரட்டையை அழிப்பதும் மனித இயல்பு. செய்யாதீர்கள். பதிவு எந்தப் போனுக்கு வந்ததோ அந்தப் போன்தான் சான்று. இன்னொருவருக்கு அனுப்பி அவர் போனில் இருப்பது நகல்தான். போனையே நீதிமன்றத்தில் காட்ட முடியுமானால் நல்லது. பதிவைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ போட்டுக் கொடுப்பதானால், அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியது. இதற்காகவே என் பழைய போனை மாற்றாமல், அட்டைப்பெட்டியில் சார்ஜரோடு வைத்திருந்தேன். பேட்டரி உப்பிவிடுமோ என்ற பயம் வேறு.

ரேஷன் கடை வரிசையில் நின்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். சாட்சிக்கு வருவீர்களா என்று கேட்டபோது, "நமக்கு எதற்கு அக்கா வம்பு, நான் அப்போது சீனி வாங்கிக்கொண்டிருந்தேன்" என்றுதான் பதில். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கும் அதே தெருவில்தான் அவர்கள் இருக்க வேண்டும். கடைசியில் பூக்கட்டி விற்கும் ஓர் அக்கா மட்டும் வந்தார். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூண்டேறி, கேட்டதை அப்படியே சொன்னார். குறுக்கு விசாரணையில், "வாதி உங்களுக்குச் சும்மா ரவிக்கை தைத்துக் கொடுப்பார், இல்லையா?" என்றார்கள். "எனக்கு இன்னும் நாற்பது ரூபாய் சில்லறை பாக்கி வைத்திருக்கிறார்" என்றார். நீதிபதி சிரித்துவிட்டார்.

முதலில் அனுப்பிய நோட்டீஸுக்கு வந்த பதிலைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. எங்கள் கட்சிக்காரர் அப்படிச் சொல்லவே இல்லை என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. அப்படியே சொல்லியிருந்தாலும் குழுவினரின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் சொன்னது என்று ஐந்தாம் பத்தியில் இருந்தது. சட்டப்படி இப்படி மாற்றி மாற்றி வாதாடலாம் என்றாலும், கூண்டில் நிற்கும் ஆளுக்கு அது தர்மசங்கடம். பதில் நோட்டீஸைக் கிழித்துப்போடாமல் வைத்திருங்கள். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, 'பெற மறுத்தார்' என்று திரும்பி வரும் உறை எல்லாமே காகிதம்தான், எல்லாமே உதவும்.

நடுவில் 2020இல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. பிறகு மெதுவாக மீண்டும் தொடங்கியது. நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்ததைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போனவர்களுக்குத் தெரியும்.

என் குறுக்கு விசாரணை கடுமையாக இருந்தது. கூட்டுறவு வங்கியில் எனக்கு நகைக்கடன் இருந்ததா, என் கணவர் வேலைக்குப் போகிறாரா, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது எப்படி என்று கேட்டார்கள். பணமுடை இருந்தது, அதனால் எடுத்திருப்பாள் என்று காட்டும் முயற்சி. வழக்குப் போடுகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். மானம் போயிற்று என்று நீங்கள் போகிறீர்கள், அங்கே உங்கள் வீட்டுக் கடன் வரை கொட்டிக் கவிழ்ப்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நகைக்கடன் இருந்தது, ரசீது இருக்கிறது, அது என் நகை என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இங்கே சட்டம் எனக்கு ஒரு பெரிய உதவி செய்தது. நான் திருடவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னது உண்மைதான் என்பது உரிமையியல் வழக்கில் முழுமையான எதிர்வாதம். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் சொன்னவர் தலையில்தான். (குற்றவியல் வழக்கில் உண்மை என்பது மட்டும் போதாது, அதை வெளியே சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும்.) அவர் கூண்டேறிய நாளில் எங்கள் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"வாதி சங்கிலியைத் தொட்டதைப் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை."

"பையில் போட்டதை?"

"பார்க்கவில்லை."

"அவர் போன பிறகு சங்கிலி அலமாரி மேல் இருந்ததா என்று பார்த்தீர்களா?"

"கவனிக்கவில்லை. கல்யாண வேலை."

"மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த அறைக்குள் வேறு யாரும் வரவில்லையா?"

வெகு நேரம் பதில் இல்லை. பிறகு, "வந்தார்கள்" என்றார்.

"அவர்களைப் பற்றிக் குழுவில் பதிவு போட்டீர்களா?"

"அவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்."

தட்டச்சு செய்பவர் அதையும் பதிவு செய்தார். தீர்ப்பு வருவதற்கு முன்பே எனக்கு வேண்டியது பாதி கிடைத்துவிட்டது என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. அப்படியானால் யார்தான் எடுத்தது என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்கும் ஓர் ஊகம் இருக்கிறது. அதை வாயைத் திறந்து சொல்லவே கூடாது என்று முதல் நாளே வக்கீல் எச்சரித்தார். நான் ஒரு பெயரைச் சொன்னால் அந்த நொடியே அந்த அம்மா செய்ததையே நானும் செய்தவளாகிறேன், அந்த ஆள் என் மீது வழக்குப் போடலாம். பழி சுமந்தவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான். தன் மீதான பழியைத் துடைக்கிற வேகத்தில் அதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். பதிலுக்கு நீங்களும் குழுவில் குரல் பதிவு போட்டு அவரைக் கண்டபடி பேசுவதும் அதே கதைதான். எதிர்வழக்குக்கு நீங்களே சான்று தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

அவருடைய விசாரணை முடிந்த சில வாரங்களில் சமாதானத்துக்கு ஆள் வந்தது. 2022இல் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டோம். பணத்தில் பேச்சு சீக்கிரம் முடிந்தது. 60,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. இழுபறி முழுக்க மன்னிப்புக் கடிதத்தில்தான். 'மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. என் மனம் புண்பட்டதா என்பதல்ல வழக்கு. 'அவர் சங்கிலியை எடுத்ததாக நான் சொன்னதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அப்படிச் சொன்னது தவறு' என்ற வரி வேண்டும், அதைக் குழுக் கூட்டத்தில் அவரே படிக்க வேண்டும், குழுவின் வாட்ஸ்அப்பிலும் போட வேண்டும் என்றேன். மதிய உணவு இடைவேளை தாண்டியும் பேசி, கடைசியில் அந்த வரியே நின்றது. அவர் படித்தார். முகத்தைப் பார்க்காமல்தான் படித்தார், ஆனால் முழுதாகப் படித்தார்.

சிலர், இறுதிவரை நடத்தியிருந்தால் தீர்ப்பே கிடைத்திருக்குமே என்றார்கள். கிடைத்திருக்கலாம். அதற்கு மேல் முறையீடும் கிடைத்திருக்கும். மக்கள் நீதிமன்றத்தின் உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பில் எந்த நீதிபதியும் அந்த அம்மாவைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று படிக்க வைத்திருப்பாரா என்பதும் சந்தேகம். இன்னொரு லாபம், கட்டிய 9,000 ரூபாய் கட்டணமும் திரும்ப வந்தது. சமரசத்தில் முடிந்தால் நீதிமன்றக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் தமிழ்நாட்டில் அது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானாக வீடு தேடி வராது, மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வக்கீல் கட்டணம், போக்குவரத்து, கடையைப் பூட்டிய நாட்களையெல்லாம் கழித்தால் கையில் நின்றது சொற்பம். பணத்துக்காக மட்டும் இந்த வழியில் இறங்க நினைப்பவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

இப்போது போகிறவர்களுக்குப் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் பழைய 499, 500 பிரிவுகளின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வந்திருக்கிறது. தண்டனை பழையதுதான், சமூக சேவை என்ற ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். தனிப்புகாரை நடுவர் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்பது புதிது, அதனால் குற்றவியல் வழி இன்னும் சற்று நீளும். மின்னணுச் சான்றிதழுக்குப் பழைய 65பி போய், பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்துவிட்டது. உரிமையியல் வழக்குக்கான ஓராண்டுக் கெடு 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் இருப்பது, அதில் மாற்றம் இல்லை.